ஆஸ்கர் கணிப்பு: வருஷா வருஷம் என்னிடம் வரும் கேள்விகள்

ஆஸ்கர் விழா நடக்கும் திங்கட்கிழமை விடிகாலையில், மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் இருபது இருபத்தைந்து பேர் கூடிவிடுவோம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் உண்டு. முந்தின நாள் இரவுக்குள் ஆளுக்கொரு கணிப்புத் தாளை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றின் தலைப்பு "மனசு", மற்றது "கணக்கு". எது ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அதை மனசில் எழுதலாம். எது ஜெயிக்கும் என்று நினைக்கிறோமோ அது கணக்கில். மதிப்பெண் கணக்குக்கு மட்டும்தான்.

தாளைக் கொடுத்த உடனே கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் போன வருஷம் கேட்ட அதே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுறது யாருண்ணே? நம்ம தேசிய விருது மாதிரி ஒரு ஜூரி உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்களா?"

இல்லை. நம் தேசிய விருதில் ஒரு சிறிய நடுவர் குழு உட்கார்ந்து படங்களைப் பார்த்து, பேசி முடிவெடுக்கும். ஆஸ்கரில் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்கரை வழங்கும் அகாடமி என்ற அமைப்பில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் பத்தாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒலிக்கலைஞர்கள் என்று தொழில் வாரியாகக் கிளைகள் உண்டு, அதில் நடிகர்கள் கிளைதான் பெரியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். நம்மவர்களும் இருக்கிறார்கள். சூர்யாவுக்கு 2022இலும் கமல்ஹாசனுக்கு 2025இலும் உறுப்பினராகச் சேர அழைப்பு வந்தது.

கணிப்பதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நாமினேஷன் கட்டத்தில் அந்தந்தக் கிளை அந்தந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போடும். ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள், நடிப்புக்கு நடிகர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாரும். இறுதிச் சுற்றில் எல்லாப் பிரிவுக்கும் எல்லாரும் ஓட்டுப் போடலாம். அதாவது ஒலிக்கான விருதை முடிவு செய்கிறவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் ஒலித்துறைக்கு வெளியே இருப்பவர்கள். அதனால்தான் "நுணுக்கமான ஒலி" தோற்று, "காதில் விழுந்து மனதில் நின்ற ஒலி" ஜெயிக்கிறது.

"கங்குவா ஆஸ்கர் பட்டியல்ல வந்துருச்சுன்னு நியூஸ்ல போட்டாங்களே, அப்ப அது நாமினேஷன்தானே?"

இல்லை. வருஷா வருஷம் ஜனவரியில் ஏதாவது ஒரு தமிழ்ப் படத்துக்கு இந்தச் செய்தி வரும். சூரரைப் போற்றுக்கு வந்தது, ஜெய் பீமுக்கு வந்தது, 2025 ஜனவரியில் கங்குவாவுக்கு. அகாடமி முதலில் வெளியிடுவது தகுதிப் பட்டியல். அமெரிக்காவில் குறிப்பிட்ட ஆறு பெருநகரப் பகுதிகளில் ஒன்றிலாவது ஏழு நாள் தியேட்டரில் ஓடி, விண்ணப்பத்தையும் சரியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் வரும். கங்குவா இருந்த பட்டியலில் மொத்தம் 323 படங்கள்.

தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்ப் பட்டியல் மாதிரி அது. ஷார்ட்லிஸ்ட் என்பது அதற்கு மேல் ஒரு படி, சில பிரிவுகளுக்கு மட்டும் டிசம்பரில் வரும். வெளிநாட்டுப் படப் பிரிவில் 15 படங்கள். நாமினேஷன்தான் கடைசிப் படி: சிறந்த படத்துக்குப் பத்து, மற்றப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் ஐந்து. நம் தாளில் இருப்பது அந்தக் கடைசிப் படியில் நிற்பவர்கள் மட்டும்.

"இந்தியாவிலிருந்து ஒரு படம் அனுப்புறாங்கல்ல, அது ஏன் ஜெயிக்கவே மாட்டேங்குது?"

வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்பலாம். இந்தியாவுக்காக ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா அமைக்கும் குழு தேர்ந்தெடுக்கிறது. இதுவரை மதர் இந்தியா, சலாம் பாம்பே, லகான் என்று மூன்றுதான் இறுதி ஐந்துக்குள் போயின. தமிழிலிருந்து தெய்வ மகன் தொடங்கி நாயகன், தேவர் மகன், விசாரணை, கூழாங்கல் வரை அனுப்பப்பட்டன. ஒன்றும் இறுதிக்கு எட்டவில்லை.

தரம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. விசாரணையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிரிவில் ஜெயிக்கும் படங்கள் வழக்கமாக மே மாதமே கான், செப்டம்பரில் வெனிஸ் என்று பெரிய விழாக்களில் பேசப்பட்டு, அமெரிக்க விநியோகஸ்தர் கையில் சேர்ந்து, மாதக்கணக்கில் உறுப்பினர்களுக்குத் திரையிடப்பட்டு வருகின்றன. நம் படத்தின் பெயரே செப்டம்பர் வாக்கில்தான் அறிவிக்கப்படுகிறது. ஷார்ட்லிஸ்டுக்கு ஓட்டுப் போட நவம்பர், டிசம்பரில் உட்காருகிறவருக்கு அந்தப் பெயர் பழகவே நேரமில்லை. கணக்குக் கட்டத்தில் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"சிறந்த படத்துக்கு மட்டும் வேற மாதிரி எண்ணுவாங்களாமே? அதைக் கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க."

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மற்ற எல்லாப் பிரிவிலும் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. சிறந்த படத்துக்கு மட்டும், 2010 விழாவிலிருந்து, உறுப்பினர்கள் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறார்கள். பாதிக்கு மேல் ஓட்டு யாருக்கும் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த ஓட்டுகளை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது நடக்கும்.

நூறு பேர், நான்கு படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணிக்கையில் அ-வுக்கு 38, ஆ-வுக்கு 30, இ-க்கு 20, ஈ-க்கு 12. ஈ வெளியே. அதன் 12 பேரில் 9 பேர் இரண்டாவதாக ஆ-வையும் 3 பேர் அ-வையும் எழுதியிருக்கிறார்கள். இப்போது அ 41, ஆ 39, இ 20. அடுத்து இ வெளியே. அதன் 20 பேரில் 14 பேருக்கு அடுத்த விருப்பம் ஆ, 6 பேருக்கு அ. முடிவு: அ 47, ஆ 53. முதலில் எட்டு ஓட்டு பின்னால் இருந்த ஆ ஜெயித்துவிட்டது.

இதை முதல்முறை பென்சிலால் தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு ஆஸ்கர் பிடிபட்டது. ஜெயிப்பதற்கு வெறியர்கள் மட்டும் போதாது. பிடிக்காதவர்கள் குறைவாக இருக்க வேண்டும். "எத்தனை பேருக்கு இது முதல் இடம்?" என்பதோடு "எத்தனை பேர் இதை ஏழாம் எட்டாம் இடத்துக்குத் தள்ளுவார்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். 2019இல் விமர்சகர்கள் கொண்டாடிய ரோமாவைத் தாண்டி கிரீன் புக் ஜெயித்தது. 2022இல் பன்னிரண்டு நாமினேஷனோடு வந்த தி பவர் ஆஃப் தி டாக்கை, மூன்றே நாமினேஷன் வைத்திருந்த கோடா முந்தியது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த படம் கோடா. அதைக் கடைசியில் எழுத யாருக்கும் மனம் வராது.

"அப்ப எல்லாருக்கும் சுமாரா பிடிச்ச படம்தான் நாமினேஷனும் வாங்குமா?"

அங்கே நேர்மாறு. நாமினேஷன் கட்டத்தில் முதல் விருப்பத்துக்குத்தான் மதிப்பு. ஐந்து இடத்துக்கு நூறு பேர் ஓட்டுப் போட்டால், 17 பேரின் முதல் ஓட்டு கிடைத்தவருக்கு இடம் உறுதி. ஒரு சிறு கூட்டம் உயிராக நேசித்தால் உள்ளே போய்விடலாம். நாமினேஷனைக் கணிக்கும்போது வெறியர்களைத் தேடுங்கள், இறுதியைக் கணிக்கும்போது வெறுப்பவர்களைத் தேடுங்கள்.

"கோல்டன் குளோப் ஜெயிச்சவங்களை அப்படியே எழுதினா போதும்ல மாமா?"

போதாது. கோல்டன் குளோபுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள். ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் படம் எடுக்கிறவர்கள். முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: யாருடைய ஓட்டு இரண்டு இடத்திலும் விழுகிறதோ, அந்த விருதுதான் உங்களுக்குத் துப்பு. கோல்டன் குளோபால் ஒரு பயன் உண்டு. மேடையில் ஒருவர் நெகிழ்ந்து பேசினால், நாமினேஷனுக்கு ஓட்டுப் போடும் நேரத்தில் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் இருக்கும். அதோடு சரி.

நான் பார்ப்பது அமெரிக்கத் திரைத்துறைச் சங்கங்கள் தரும் விருதுகள். சிறந்த படத்துக்குத் தயாரிப்பாளர் சங்கம். அவர்களும் நான்காவது பதிலில் சொன்ன வரிசை முறையில்தான் எண்ணுகிறார்கள். 2010 முதல் 2025 வரை பதினாறு விழாக்களில் பதின்மூன்று முறை அவர்கள் தேர்வும் ஆஸ்கரும் ஒத்துப்போயின. அதில் ஒரு வருஷம் அவர்கள் இரண்டு படத்துக்குச் சமமாகக் கொடுத்தார்கள். ஒத்துப்போகாத மூன்று: ஸ்பாட்லைட், மூன்லைட், பாரசைட் ஜெயித்த வருஷங்கள்.

இயக்குநருக்கு இயக்குநர் சங்கம். அது கிட்டத்தட்டப் பாறை. 1948இல் தொடங்கியதிலிருந்து 2025 விழா வரை எட்டு முறைதான் தவறியிருக்கிறது. அதிலும் மூன்று முறை, சங்க விருது வாங்கியவருக்கு ஆஸ்கர் நாமினேஷனே கிடைக்கவில்லை. நடிப்புக்கு நடிகர் சங்கமும் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவும். அந்த இரண்டும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது தனிக்கதை, கீழே வருகிறது.

"நாமினேஷன் அதிகமா வாங்கின படம்தானே ஜெயிக்கும்?"

இல்லை. லா லா லேண்டுக்குப் பதினான்கு நாமினேஷன், ஜெயித்தது மூன்லைட். எமிலியா பெரெஸ் பதின்மூன்று நாமினேஷனோடு வந்து இரண்டு விருதோடு திரும்பியது. கோடா கதையை மேலேயே சொல்லிவிட்டேன். எண்ணிக்கையைவிட எந்தெந்தப் பிரிவில் என்று பாருங்கள். இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு, நடிப்பு ஆகிய நான்கிலும் இருந்தால் படம் எல்லாக் கிளைகளையும் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். உடை, ஒப்பனை, கலை இயக்கம் என்று மட்டும் குவிந்திருந்தால் அது வேறு வகைப் படம்.

"சிறந்த படமும் சிறந்த இயக்குநரும் ஒரே படத்துக்குத்தானே போகும்? நல்லா இயக்கினாத்தானே நல்ல படம்?"

நியாயமான கேள்வி, முன்னொரு காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் போனது. ஆனால் 2013 முதல் 2022 வரையிலான பத்து விழாக்களில் ஆறு முறை இரண்டும் பிரிந்தன. காரணம் எண்ணும் முறை. இயக்குநர் பிரிவில் அதிக ஓட்டு வாங்கினால் வெற்றி, அதனால் துணிச்சலான, பிரம்மாண்டமான கைவேலைக்கு அங்கே லாபம். படப் பிரிவில் வரிசை முறை, அங்கே எல்லாருக்கும் ஏற்புடைய படத்துக்கு லாபம். கிராவிட்டிக்கு இயக்குநர் விருது, 12 இயர்ஸ் எ ஸ்லேவுக்குப் படம். ரோமாவுக்கு இயக்குநர், கிரீன் புக்குக்குப் படம்.

2023, 2024, 2025 மூன்று விழாக்களிலும் மறுபடி ஒன்றாகப் போயின. அனோராவுக்காக ஷான் பேக்கர் ஒரே இரவில் படம், இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு என்று நான்கு விருதுகளைக் கையில் வாங்கினார். என் வழக்கம் இதுதான்: இயக்குநர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் ஒரே படத்தைச் சொன்னால் சேர்த்தே எழுதுவேன். வேறு வேறு படத்தைச் சொன்னால் தயங்காமல் பிரித்துவிடுவேன்.

"நடிகைக்கு ஒரு இடத்துல ஒருத்தர், இன்னொரு இடத்துல இன்னொருத்தர் ஜெயிச்சுட்டாங்க. யாரை எழுதறதுன்னே தெரியலன்னு எல்லாரும் சொல்றாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பிடித்த கேள்வி, என் அக்கா மகள் கேட்டது. 2025 விழாவைப் பாருங்கள். டெமி மூர் கோல்டன் குளோபும் விமர்சகர் விருதும் நடிகர் சங்க விருதும் வாங்கியிருந்தார். மைக்கி மேடிசன் பாஃப்டா மட்டும். நாற்பது வருஷ உழைப்பு, தாமதமாக வந்த பெருமை என்று டெமி மூர் பக்கம் கதையும் வலுவாக இருந்தது. எங்கள் ஹாலில் பெரும்பாலான தாள்களில் அவர் பெயர்தான். ஜெயித்தவர் மேடிசன்.

இதற்கு ஒரு பிடி இருக்கிறது. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் முட்டிக்கொள்ளும்போது, யாருடைய படத்தை மொத்த அகாடமியும் அதிகம் விரும்புகிறது என்று பாருங்கள். மேடிசன் நடித்த அனோரா அந்த வருஷம் சிறந்த படமே. 2019இல் கிளென் குளோஸ் நடிகர் சங்க விருது வாங்கினார், ஆனால் தி வைஃபுக்கு மொத்தம் அந்த ஒரு நாமினேஷன்தான். ஒலிவியா கோல்மனின் தி ஃபேவரிட்டுக்குப் பத்து. கோல்மன் ஜெயித்தார். 2021இல் மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் என்று உலகமே நினைத்தது. விழாவில் சிறந்த நடிகர் பிரிவைக் கடைசிக்கு மாற்றியே வைத்திருந்தார்கள். சிறந்த படப் போட்டியில் இருந்த தி ஃபாதருக்காக ஆந்தனி ஹாப்கின்ஸ் ஜெயித்தார். வேல்ஸில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். போஸ்மனின் படம் சிறந்த படப் பட்டியலில் இல்லை.

இது எப்போதும் பாஃப்டாவுக்குச் சாதகமாகத்தான் விழும் என்று நினைக்க வேண்டாம். 2023இல் பாஃப்டா கேட் பிளான்செட்டுக்கு, நடிகர் சங்கம் மிஷெல் யோவுக்கு. யோவின் எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் அன்று ஏழு ஆஸ்கர்களை அள்ளியது, அவரும் ஜெயித்தார். விருதை எண்ணாதீர்கள், படத்தின் பலத்தைப் பாருங்கள்.

"ஓட்டுப் பதிவு முடிஞ்ச பிறகு வர்ற விருதையும் கணக்குல சேர்க்கலாமா?"

தேதியைக் கவனிப்பவர்கள்தான் இதைக் கேட்பார்கள். 2025இல் இறுதி ஓட்டுப்பதிவு பிப்ரவரி 11 தொடங்கி 18 அன்று முடிந்தது. பாஃப்டா பிப்ரவரி 16, அதாவது பதிவு நடக்கும்போதே. நடிகர் சங்க விருது பிப்ரவரி 23, பெட்டி மூடி ஐந்து நாள் கழித்து. ஆக, அந்த மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் மனதை மாற்றியிருக்க முடியாது.

சேர்க்கலாம், ஆனால் வேறு எடையில். பதிவுக்கு முன்னால் வரும் விருது ஓட்டை நகர்த்தவும் செய்யும், காட்டவும் செய்யும். பின்னால் வருவது காட்ட மட்டும் செய்யும். நடிகர் சங்கத்தில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அவர்களில் அகாடமி உறுப்பினர்கள் மிகச் சிலர். அவ்வளவு பெரிய கூட்டத்தின் ரசனை எப்போதும் அகாடமியின் ரசனையாக இருக்காது. நாமினேஷன் வந்த அன்றே ஓட்டுப்பதிவுத் தேதிகளைத் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"படமே பார்க்காம எழுதலாமாண்ணே? பாதிப் படம் நம்ம ஊருக்கே வரலையே."

கணக்குக் கட்டத்தை எழுதலாம். சங்க விருதுகளை ஒழுங்காகப் பின்தொடர்ந்தாலே பதினைந்து பதினாறு சரியாக வந்துவிடும். மனசுக் கட்டத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது. அதில் மட்டும் நான் கறார். பார்க்காத பிரிவில் மனசுக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

ஒரு சின்ன யோசனை. ஓடிடியில் கிடைக்கும் படங்களை ஜனவரியிலேயே இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொண்டு பாருங்கள். லாட்வியாவிலிருந்து வந்த ஃப்ளோ 2025இல் சிறந்த அனிமேஷன் படமாக ஜெயித்தது. வெள்ளத்தில் ஒரு பூனை, வசனமே கிடையாது. அதைப் பார்த்திருந்த எங்கள் வீட்டுச் சிறுவர்கள் மூவரும் கணக்கிலும் அதையே எழுதினார்கள். நான் பெரிய ஸ்டூடியோ படத்தை எழுதியிருந்தேன்.

"குறும்படப் பிரிவு மூணும் சுத்தமா தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடவா?"

வேண்டாம். போட்டியில் முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த மூன்று பிரிவில்தான். நடிகர், இயக்குநர் எல்லாரும் ஒன்றாகத்தான் எழுதுவார்கள். குறும்படங்கள் பல யூடியூபிலும் ஓடிடியிலும் கிடைக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எது மனதைத் தொடுகிறது, எதை மறுநாளும் இன்னொருவரிடம் சொல்லத் தோன்றுகிறது என்று பாருங்கள்.

2023 விழாவில் இதை என் அத்தை நிரூபித்தார். குறு ஆவணப்படப் பிரிவில் தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் இருந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கும் படம், கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கியது. நான் அமெரிக்கக் கணிப்பாளர்கள் பலர் சொன்ன ஸ்ட்ரேஞ்சர் அட் தி கேட் என்று எழுதினேன். அத்தை யானைப் படத்தை எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக் குட்டி அவங்க பின்னாடியே ஓடுறதைப் பார்த்துட்டு வேற எதுக்குப்பா ஓட்டுப் போட மனசு வரும்?" என்றார். பெயரை அறிவித்ததும் ஹாலில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். அத்தை சொன்னதில் கணிப்பு முறை முழுவதும் இருக்கிறது: ஓட்டுப் போடுகிறவரும் பார்வையாளர்தான்.

"நம்ம ஆளு போட்டியில இருந்தா எப்படி எழுதறது? எதிரா எழுதக் கை வரலையே."

மனசு, கணக்கு என்று இரண்டு கட்டம் வைத்ததே இதற்காகத்தான். ஆனால் நம்மவர் என்பதற்காகவே கணக்கில் எழுதாமல் விடுவதும் தப்பு. நாட்டு நாட்டு பாட்டுக்கு எதிராக லேடி காகாவும் ரிஹானாவும் இருந்தார்கள். "அவங்களை மீறி நமக்கா கொடுப்பாங்க" என்று நிறையப் பேர் கணக்கில் மாற்றி எழுதினார்கள். துப்புகளைப் பார்த்திருந்தால் பயந்திருக்கத் தேவையில்லை. கோல்டன் குளோப், விமர்சகர் விருது இரண்டுமே கீரவாணிக்கு வந்திருந்தன. படமும் அமெரிக்கத் தியேட்டர்களில் ஆடவைத்த படம்.

2009இல் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் இதே நிலைதான். அப்போது எங்களுக்குத் தாளும் கட்டமும் கிடையாது, டிவி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்லம்டாக் மில்லியனேர் எட்டு ஆஸ்கர் வாங்கிய இரவு அது. அப்படி ஒரு அலை அடிக்கும்போது இசையும் பாட்டும் அதோடு சேர்ந்தே வரும் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவேன். இரண்டு சிலைகளை வாங்கிய அந்த மேடையில் தமிழில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அவர் சொன்னது காதில் விழுந்தபோது எந்தக் கணக்கும் ஞாபகத்தில் இல்லை.

"ரிசல்ட் முன்கூட்டியே வெளியே கசியுமா? கவரே மாறிப்போச்சே ஒரு தடவை?"

கசிவதில்லை. எண்ணுவது பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம். முழு முடிவும் விழாவுக்கு முன்னால் அந்த நிறுவனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் தெரியும். அகாடமித் தலைவருக்குக்கூடத் தெரியாது. அதனால் "உள்ளிருந்து கிடைத்த தகவல்" என்று வரும் எதையும் தாளில் ஏற்றாதீர்கள்.

2017இல் நடந்தது கசிவில்லை, கைத்தவறு. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு கவர் தயாராகும், மேடையின் இரு பக்கமும் ஒன்றொன்று. சிறந்த நடிகைக்கான இரண்டாவது கவரைச் சிறந்த படத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே "எம்மா ஸ்டோன், லா லா லேண்ட்" என்று இருந்தது, படத்தின் பெயரைப் படித்துவிட்டார்கள். நன்றியுரை நடந்துகொண்டிருக்கும்போதுதான் மூன்லைட் என்று திருத்தினார்கள். ஓட்டு சரியாகத்தான் எண்ணப்பட்டிருந்தது.

"எல்லாரும் ஒரே பேரைச் சொல்றப்ப நான் மட்டும் மாத்தி எழுதினா ஜெயிக்கலாம்ல?"

இருபத்து நான்கு பிரிவில் மூன்று இடத்தில் மாற்றி எழுதலாம், பத்து இடத்தில் மாற்றினால் தோற்பீர்கள். மாற்றுகிற இடத்துக்குக் காரணம் வேண்டும். துப்புகள் முட்டிக்கொள்ளும் பிரிவு, அல்லது முன்னணியில் இருக்கும் படத்தின் மேல் சலிப்பு வந்துவிட்ட பிரிவு. எமிலியா பெரெஸ் அப்படி. வெளிநாட்டுப் படத்துக்கு அதைத்தான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஜனவரி கடைசியில் அதன் நாயகியின் பழைய ட்விட்டர் பதிவுகள் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகும் தாளை மாற்றாதவர்கள் இருந்தார்கள். பிரேசிலின் ஐ'ம் ஸ்டில் ஹியர் ஜெயித்தது. அது சிறந்த படப் பட்டியலிலும் இருந்தது, அதன் நாயகிக்கும் நாமினேஷன் இருந்தது. மேலே சொன்ன "படத்தின் பலம்" இங்கேயும் வேலை செய்தது.

இயக்குநர் சங்க விருது வாங்கியவருக்கு எதிராக மாற்ற வேண்டாம். பாரசைட் வருஷம் நான் அதைச் செய்து ஜெயித்தேன், உண்மைதான். அது அந்தப் படத்தின் இயக்குநர் பொங் ஜூன் ஹோவின் மேல் இருந்த ஆசையில் மனசுக் கட்டத்தில் எழுதியதையே கணக்கிலும் எழுதியது. அதை ஒரு முறையாகச் சொல்லித்தர எனக்கு மனமில்லை.

"இனிமே எல்லாப் படத்தையும் பார்த்தாத்தான் ஓட்டுப் போட முடியுமாமே? உங்க கணக்கெல்லாம் மாறிடுமா?"

ஆமாம், 98ஆவது விழாவிலிருந்து, அதாவது 2026 முதல், அந்த விதி. ஒரு பிரிவின் இறுதி ஓட்டைப் போட, அந்தப் பிரிவில் நாமினேஷன் பெற்ற எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். அகாடமியின் இணையத் திரையரங்கில் பார்த்தால் அதுவே பதிவாகும். வெளியே பார்த்திருந்தால் எங்கே, எப்போது என்று படிவத்தில் தர வேண்டும்.

பெரிய பிரிவுகளில் பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன், அந்தப் படங்களை எப்படியும் பார்த்திருப்பார்கள். குறும்படம், ஆவணப்படம், வெளிநாட்டுப் படம் ஆகியவற்றில் மாறும். பெயர் கேள்விப்பட்டதற்காக விழும் ஓட்டு குறையும், அத்தையின் முறைக்கு மதிப்பு கூடும். அதே விழாவிலிருந்து நடிகர் தேர்வுக்கென்று புதுப் பிரிவும் உண்டு, மொத்தம் 24. பின்னால் திரும்பிப் பார்க்க அதற்கு நீண்ட வரலாறு கிடையாது. பெரிய நடிகர் கூட்டமும் அதில் ஒரு புதுமுகமும் உள்ள படத்தைத்தான் அங்கே எழுதுவேன்.

"தாளை எத்தனை மணிக்குள்ள கொடுக்கணும்? விழா நம்ம நேரத்துக்கு எப்ப?"

ஞாயிறு இரவு பத்து மணிக்குள். அதற்கு மேல் திருத்தம் கிடையாது. விழா லாஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கினால், இங்கே திங்கள் காலை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள். அதற்கு முன் விழா வந்தால் நமக்குக் காலை 5:30, 2025இல் அப்படித்தான். அந்த நாளிலோ பிறகோ வந்தால் 4:30. 2026 மார்ச் 15 அந்தக் கணக்கில் 4:30தான். காபி 4:15க்குத் தயாராக இருக்கும், கேட்டைத் திறந்தே வைத்திருப்பேன். தெருவில் மற்றவர்கள் தூங்குகிற நேரம், அதனால் வண்டியை முக்கிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.